காஜாக்காரி படித்த பாஷை

அந்த வீட்டில் எந்த வேலைக்கும் சொந்தக்காரர் கிடையாது. பாதி முடிந்த சட்டை பாயில் கிடந்தால், அடுத்து வந்து உட்காருகிறவர் மீதியை முடித்துவிட வேண்டும். "இது யார் விட்டுட்டுப் போனது, நான் எதுக்கு முடிக்கணும்" என்று யாராவது வாயெடுத்தால் காஜாக்காரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

சட்டைக் கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாகச் சட்டைகள் வரும். தைத்து முடித்த சட்டைதான். பொத்தானும் இருக்காது, பொத்தான் நுழையும் துளையும் இருக்காது. அந்தத் துளைக்குத்தான் காஜா என்று பெயர். துளையைக் கத்தியால் கீறி, ஓரம் பிரியாமல் நூல் சுற்றிக் கட்டுவதில் அவளை அடிக்க அந்தத் தெருவில் ஆளில்லை. அதனாலேயே அவள் பெயர் போய் 'காஜாக்காரி' என்றாகிவிட்டது. சொந்தப் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பொத்தான் வைப்பது மருமகள். அவள் பகலில் அதே கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றுவிட்டு வருவாள். வந்து முகம் கழுவி, ஒரு டீயைக் குடித்துவிட்டு ஊசியை எடுப்பாள். தொங்குகிற நூல் பிசிறை வெட்டுவது காஜாக்காரியின் புருஷன். ஒரு கிடங்குக்கு இரவு வாட்ச்மேன். பகலெல்லாம் வாயில் ஈ போனாலும் தெரியாமல் தூங்கிவிட்டு, சாயங்காலம் கொட்டாவி விட்டுக்கொண்டே கத்தரியைத் தேடுவார்.

வீடு என்றால் இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்னறையில் அக்கம்பக்கத்துத் துணி தைக்க ஒரு தையல் மெஷின், சட்டைக் கட்டுகள். உள்ளறை, மகன் கல்யாணம் ஆனபோது அவனுக்கும் மருமகளுக்கும் விட்டுக்கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு.

மகன் வெளிநாடு போய் மூன்றாவது வருஷம். ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை. குளிர் தேசம். பேசும்போது வாயிலிருந்து புகை வருவது போனில் தெரியும். ஒரே பிள்ளை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்களே, இவளுக்கு அவன் பொன் இல்லை, அதற்கும் மேலே. அவன் கேட்டதற்கு இல்லை என்று அவள் சொன்னதே கிடையாது. அவன் கேட்பான், இவள் "ஆகட்டும்பா" என்பாள்.

அவன் பெண்டாட்டியைத் தன்னோடு அழைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தான். அந்த தேசத்து ஆட்கள் சும்மா விடமாட்டார்களாம். வருகிறவளுக்குத் தங்கள் பாஷை கொஞ்சமாவது பேச வரவேண்டும், ஆபீசில் உட்கார வைத்துக் கேள்வி கேட்போம் என்றார்களாம். அதற்காக ஒரு புதுப் போன் வாங்கித் தெரிந்தவன் கையில் கொடுத்தனுப்பினான். போனுக்குள்ளேயே பாடம் இருந்தது. ஒரு அணில் வரும். தமிழில் ஒன்று கேட்கும். அந்தப் பாஷையில் சொல்ல வேண்டும். அந்தப் பாஷையில் ஒன்று சொல்லும். தமிழில் பதில் தொட வேண்டும். சரியென்றால் அணில் குதிக்கும். தப்பென்றால் வாலால் முகத்தை மூடிக்கொள்ளும். ஒரு டீ ஆறுவதற்குள் பாடம் முடிந்துவிடும். ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

விட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு ஏற்பாடு அதில் இருந்தது. இங்கே இவள் பாடம் பார்த்தாளா இல்லையா என்பது அங்கே அவன் போனில் விழுந்துவிடும்.

"என்னடி, நேத்து மகாராணிக்கு நேரம் கிடைக்கலையோ?" என்பான். ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்கும்.

"கம்பெனியில ஓவர்டைம்."

"நான் என்ன இங்க மாட்டுக்கு மாலை போட்டுட்டு உட்கார்ந்திருக்கேனா? நானுந்தான் வேலை செய்றேன். பதில் சொல்லு."

"இனி விடமாட்டேன்."

இவ்வளவுதான் அவள் பேசுவாள். போனை வைத்ததும் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவாள். காஜாக்காரி பக்கத்தில் இருந்து, "அவன் அப்படித்தான், வாய்தான் கொஞ்சம் நீளம், மனசுல ஒண்ணும் கிடையாது" என்பாள். மருமகள் "ம்" என்பாள்.

ஒரு நாள் மருமகள் காய்ச்சலோடு வந்து சுருண்டு படுத்தாள். நெற்றி கொதித்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தும் இரண்டு வாய்தான் குடித்தாள். அவள் தூங்கிய பிறகுதான் காஜாக்காரிக்குப் பாடத்தின் ஞாபகம் வந்தது. ஐயோ, நாளைக்கு அவன் கூப்பிட்டுக் கத்துவானே, இந்தக் காய்ச்சலோடு அவள் அதையும் கேட்கணுமா என்றிருந்தது. சட்டை பாதியில் நின்றால் யாராவது எடுத்து முடிப்பதில்லையா? போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் தப்புத் தப்பாகப் போனது. அணில் நாலைந்து தடவை முகத்தை மூடிக்கொண்டது. "கொழுப்பைப் பாரு, காட்டித் தொலையேன் மூஞ்சிய" என்று அதைத் திட்டினாள். பிறகு ஒரு பதில் சரியாக வந்தது. அணில் துள்ளியது. 'அருமை!' என்று பெரிய எழுத்தில் வந்தது. அடுத்ததற்கு, 'அசத்துகிறீர்கள்!'

காஜாக்காரி அந்த எழுத்தை மறுபடி படித்தாள். முப்பது வருஷமாகக் காஜா எடுக்கிறாள். கம்பெனி ஆள் வந்து கட்டைத் தூக்கும்போது "முடிஞ்சுதா" என்பான். புருஷன் சாப்பிட்டு எழும்போது "உப்புக் கம்மி" என்பார். அருமை என்று அவளிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. ஒரு அணில் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாகக்கூட இருந்தது அவளுக்கு. இன்னொரு பாடத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

மருமகளுக்குக் காய்ச்சல் விட்டது, மாமியாருக்குப் பிடித்துக்கொண்டது. காலையில் பால் காயும்போது ஒரு பாடம். மருமகள் கம்பெனிக்குப் போனபின் ஒரு பாடம். சொல்லச் சொன்ன வாக்கியத்தைத் தமிழிலும் அந்தப் பாஷையிலும், போனுக்குக் காது கேட்காதோ என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

"நான் தண்ணீர் குடிக்கிறேன். குதிரை ஆப்பிள் தின்கிறது. என் மாமா உயரமானவர்."

உள்ளே படுத்திருக்கும் வாட்ச்மேன் போர்வையை விலக்குவார். "ஏண்டி, அந்த ஊர்ல குதிரை ஆப்பிளாத் தின்னுது? இங்க மனுஷனுக்கே ஆப்பிள் கிடைக்கலை."

"நீங்க தூங்குங்க."

"எங்க தூங்கறது? உன் பாஷை என் கனவுல வந்து டிக்கெட் கேக்குது."

ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது போனை எட்டிப் பார்த்து, "அதில்லை, இதைத் தொடு" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார். சரியாக வந்தால் மீசையைத் தடவிக்கொள்வார். தப்பானால், "அணிலுக்கு ஒண்ணும் தெரியலை" என்பார்.

மருமகள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: "பாடம் ஆச்சா அத்தை?"

"ஆச்சு ஆச்சு. நீ போய்க் கொஞ்சம் படு. பொத்தான் அப்புறம் வைக்கலாம்."

"சரிங்கத்தை."

அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். காஜாக்காரி முன்னறையில் உட்கார்ந்து இன்னும் ஒரு பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். இது அவளுக்கு உதவிதானே என்று மனசைச் சமாதானம் செய்துகொள்வாள். ஆனால் மனசு லேசுப்பட்டதா? நீ அவளுக்காகவா படிக்கிறாய், அணில் குதிப்பதற்காகப் படிக்கிறாய் என்று அது சொல்லிக்கொண்டேயிருந்தது. மகன் கூப்பிட்டு, "பரவாயில்லையே, கழுதைக்கும் மூளை இருக்குது போல. வேகமாப் போறாளே!" என்று சிரித்தபோது அந்தப் புகழ் தனக்கு என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. கழுதை என்றது மட்டும் மருமகளுக்குப் போயிற்று.

ஆபீசில் கேள்வி கேட்கும் நாள் வந்தது. மாமியாரும் மருமகளும் பஸ் பிடித்துப் போனார்கள். மருமகள் இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணு ரெண்டு சொல்லிப் பாரேன்" என்றாள் காஜாக்காரி.

"வேணாம் அத்தை. தலை சுத்துது."

ஆபீசில் காத்திருக்கும் இடத்தையும் கேள்வி கேட்கும் அறையையும் பிரித்து ஒரு அட்டைத் தடுப்பு இருந்தது. மேலே கூரையைத் தொடாத தடுப்பு. உள்ளே பேசுவது அப்படியே வெளியே வந்தது. அதிகாரி ஒரு பெண். குரலில் கடுமை இல்லை. அந்தப் பாஷையில் நிதானமாகக் கேட்டாள்:

"உங்கள் பெயர் என்ன?"

காஜாக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புரிந்தது! போனில் வருகிற குரல் இல்லை, உயிரோடு ஒரு மனுஷி பேசுகிறாள், அது தனக்குப் புரிகிறது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. உள்ளே பதில் வரவில்லை.

"உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

மூன்று பேர் என்று காஜாக்காரியின் நாக்கு தானே சொன்னது. பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

ரொட்டி. டீ. சொல்லேன்டி. ரொட்டியும் டீயும்.

அதிகாரி ஒவ்வொன்றையும் மறுபடி கேட்டாள், மெதுவாக. கதவிடுக்கில் மருமகளின் முதுகு தெரிந்தது. அவள் மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் வாய் திறக்கவேயில்லை. கடைசியில் அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டு ஏதோ எழுதும் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் காஜாக்காரிக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். பாவி, நான்தான் பாவி, அவள் வாய்க்குள் போக வேண்டியதை நான் தின்றுவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலமே மகன் கூப்பிட்டான். விஷயம் அவனுக்கு எட்டிவிட்டது.

"பேரு கேட்டதுக்குக்கூட வாயைத் திறக்கலையாமே! ஊமையா இவ? இத்தனை பாடம் பார்த்தாளே, அத்தனையும் எங்க போச்சு?"

"பயந்துட்டாப்பா. கோவிச்சுக்காதே ராசா."

"அவளுக்குப் பயம் பத்தலை, அதான் விஷயம். இன்னொரு தடவை கூப்பிடுவாங்களாம். அதுக்கு முன்னாடி லீவு போட்டுட்டு நானே வர்றேன். பக்கத்துல உட்கார்ந்து எப்படிப் பேச வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

"ஆகட்டும்பா" என்றாள் காஜாக்காரி. மகன் வருகிறான் என்றதும் அவள் முகம் மலர்ந்ததென்னவோ உண்மை. திரும்பிப் பார்த்தால், மருமகள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கம்பெனிக்குப் போனாள், வந்தாள், பொத்தான் வைத்தாள். காஜாக்காரி போனைத் தொடவில்லை. அணில் இருக்கிற திசைப்பக்கமே திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கம்பெனி லீவு. வாட்ச்மேன் உள்ளே தூங்கினார். மழையில் ஈரம் கோத்து நூல் ஊசியில் நுழைய அடம்பிடித்தது. இருவரும் முன்னறைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். காஜாக்காரியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. நீ பரீட்சையில தோத்துப் போனதுக்கு நான்தான் காரணம். உன் பாடத்தையெல்லாம் நான் திருடிட்டேன்."

மருமகள் நிமிர்ந்தாள்.

"உனக்கு உதவறேன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் எனக்கே ஆசையாப் போச்சு. வயசான காலத்துல என்னை ஒண்ணு பாராட்டுதேன்னு அற்ப ஆசை. நீ படிக்கவேண்டியதை நான் படிச்சுத் தொலைச்சேன். நீ அங்க போய் வாயடைச்சு உட்கார்ந்தே. நான் வெளியில உட்கார்ந்து பதில் சொல்லிட்டிருந்தேன். என்னை நாலு வார்த்தை திட்டிடு. மனசாவது ஆறும்."

மருமகள் கையிலிருந்த சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு அந்தப் பாஷையில் பேச ஆரம்பித்தாள். தட்டுத்தடுமாறி அல்ல, ஓடுகிற தண்ணீர் மாதிரி. தன் பெயரைச் சொன்னாள். எங்கள் வீட்டில் மூன்று பேர் என்றாள். காலையில் ரொட்டி சாப்பிட்டேன், டீ குடித்தேன், என் மாமியார் சட்டைக்குக் காஜா எடுக்கிறார், வெளியே மழை பெய்கிறது, எனக்குக் குளிரவில்லை. காஜாக்காரிக்குப் புரியாத வாக்கியங்களும் நடுவில் வந்தன.

காஜாக்காரி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "இதெல்லாம் எப்படீ..."

"நீங்க என்ன ரகசியமாவா படிச்சீங்க? நாலு வீட்டுக்குக் கேட்டுச்சு. நான் சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். கம்பெனியில நின்னுட்டே மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்குவேன். நீங்க ஒண்ணும் திருடலை அத்தை. எல்லாம் எனக்கும் தெரியும்."

"பின்னே ஏன்டி அங்க வாயைத் திறக்கலை?"

"திறந்திருந்தா அனுப்பிடுவாங்கல்ல?"

மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. காஜாக்காரிக்குப் புரிந்தது. புரிந்தும் புரியாத மாதிரி ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். கோக்க வரவில்லை.

"போகமாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பேசாம இருக்க மட்டுந்தான் தெரியும். கல்யாணம் ஆன நாளா அதைத்தானே பழகினேன்" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு இடது கையை நீட்டி மணிக்கட்டைத் திருப்பினாள். பாதிக்கு மேல் அது திரும்பாது. பொத்தான் வைக்கும்போது சட்டையைத்தான் திருப்பிக்கொள்வாள், கையை அல்ல. "இதுக்கு ஆஸ்பத்திரியில நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

காஜாக்காரி பாயில் சிதறிய பொத்தான்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"படியில விழுந்துட்டான்னு சொன்னீங்க. டாக்டரும் எழுதிக்கிட்டார். நம்ம வீட்டுல எங்க அத்தை படி இருக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அன்று. யாரும் சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"உள்ள சத்தம் கேட்க ஆரம்பிச்சா, வெளியில உங்க மெஷின் சத்தம் அதிகமாகும். அது எனக்குத் தெரியும். முதல்ல, இவங்களுக்கு நிஜமாவே கேக்கலை போலன்னு நினைச்சேன்." அவள் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால்கூட காஜாக்காரி தாங்கியிருப்பாள். "உங்களுக்குக் கேட்டுச்சுதானே அத்தை?"

காஜாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து சட்டை தெரியாமல் போயிற்று. மருமகள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"அவர் இங்க வந்தா நான் எங்க போவேன்னு தெரியலை. அம்மா வீட்டுல அண்ணிங்க சேர்க்கமாட்டாங்க. எனக்கு உங்க வீடுதான் இருக்கு. நான் இங்கயே இருந்துக்கட்டுமா? வேலைக்குப் போறேன், பொத்தான் வைக்கறேன், இருக்கற மாதிரியே இருந்துக்கறேன். ஆனா அவரை நீங்கதான் வரவேணாம்னு சொல்லணும். நான் சொன்னா அவர் கேக்கமாட்டார்."

சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெற்ற பிள்ளையை வராதே என்று எந்தத் தாய் சொல்வாள்? காஜாக்காரி நாலைந்து நாள் அதையே மனசுக்குள் போட்டு உருட்டினாள். அவன் குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டு உடம்பெல்லாம் கொப்புளமாகப் படுத்திருந்ததை நினைத்தாள். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டே காஜா எடுத்ததை நினைத்தாள். மூன்று வருஷமாகப் பார்க்காத முகம். வரட்டும், வந்தால் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்போதும் பக்கத்தில்தானே இருந்தாய் என்று மனசு கேட்டது. மறுபடி பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தாள். கடைசியில், வரட்டும் வரட்டும் என்று முணுமுணுத்தபடியே ஒரு காஜாவைக் கோணலாகக் கீறிவிட்டாள். அப்படி அவள் கீறியதே இல்லை. துணியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்லிவிடுவது என்று அப்போது முடிவு செய்தாள்.

வேலை முடித்து எல்லோரும் டீ குடிக்கும் நேரத்துக்கு அவன் கூப்பிட்டான். மருமகள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் டியூட்டிக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். காஜாக்காரி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். வராதேப்பா. இந்த ஒரு வார்த்தையை நாளெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"அம்மா, டிக்கெட் போட்டுட்டேன். அடுத்த வாரம் வர்றேன்."

"சாப்பிட்டியாப்பா?" என்றாள்.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். கேட்டுச்சா? அடுத்த வாரம்."

"குளிருக்குக் காதை மூடிக்கறியா ராசா? இருமல் நின்னுச்சா?"

"எல்லாம் நின்னுச்சும்மா. அவகிட்ட குடு போனை."

"ஆகட்டும்பா."

தன் வாய் சொன்னதைத் தானே கேட்டுத் திகைத்துப் போனாள். அவனிடம் பேச அவளுக்கு இருந்த தமிழே அவ்வளவுதான். சாப்பிட்டியா, தூங்கினியா, கண்ணு, ராசா, ஆகட்டும். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைகளைத் தவிர வேறெதையும் அவனிடம் அவள் புழங்கியதேயில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தால் அது கண்ணு என்று வந்து விழுகிறது.

"என்னம்மா, லைன்ல இருக்கியா? குடுன்னு சொன்னேன்ல?"

காஜாக்காரி எழுந்து நின்றாள். அந்தப் பாஷையில் சொன்னாள்: "அவள் வரமாட்டாள்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "ஏய்! அம்மா! நீயா பேசின? எப்பம்மா கத்துக்கிட்டே? ஐயோ, எங்க, இன்னொரு தடவை சொல்லு!"

இன்னொரு தடவை சொன்னாள். "அவள் வரமாட்டாள். நீயும் வர வேண்டாம். இது அவளுடைய வீடு."

சிரிப்பு நின்றது. "என்ன உளர்றே? தமிழ்ல பேசு."

"இல்லை" என்றாள். அதுவும் அந்தப் பாஷையில்தான். பிள்ளையிடம் அவள் சொன்ன முதல் இல்லை. அந்தப் பாஷையில் அவளுக்குக் கண்ணு என்பதற்கு வார்த்தை தெரியாது, ராசா தெரியாது. வேண்டும், வேண்டாம், இருக்கிறது, இல்லை, இவைதான் தெரியும். கெஞ்சுவதற்கும் கொஞ்சுவதற்கும் பாடம் இன்னும் வந்து சேரவில்லை.

"அவ சொல்லிக் குடுத்தாளா இதை? பரீட்சையில ஊமை மாதிரி உட்கார்ந்துட்டு, உனக்குச் சொல்லிக் குடுக்கறாளா? இரு, நான் வர்றேன். வந்து அவளை என்ன பண்றேன் பாரு."

நீ அவளை அடித்தாய் என்று சொல்ல வேண்டும். அடிப்பதற்கு அந்தப் பாஷையில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தாள். அணிலின் பாடத்தில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. டீ குடிக்கிறார்கள், வழி கேட்கிறார்கள், டிக்கெட் வாங்குகிறார்கள். கோப்பை மட்டும் ஒரு தடவை உடைந்தது. இருந்ததை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"உன் கை. அவளுடைய கை. அவளுடைய கை உடைந்தது." மூச்சு வாங்கியது. "நான் வீட்டில் இருந்தேன். எனக்கு இரண்டு காது இருக்கிறது."

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

போனில் வெகுதூரத்தில் ஒரு மாடு கத்தியது. பிறகு அவன், "அம்மா" என்றான். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் கூப்பிடுகிற குரல் அது. கண்ணு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால் அவள் விழுந்திருப்பாள். அவன் கூப்பிடவில்லை. போன் அணைந்தது.

வாட்ச்மேன் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றிருந்தார். மீசையைத் தடவிக்கொண்டு எட்டிப் பார்த்துக் கற்றதில் கையும் வீடும் காதும் அவருக்கும் தெரியும்.

"பெத்த பிள்ளைகிட்டப் பேசற பேச்சா இது?" என்று ஆரம்பித்தார். மருமகள் அடுப்படி வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தார். சட்டையின் மறு கையை மாட்ட மறந்து மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் கேட்டுச்சு" என்றார்.

காஜாக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். மகன் போய்விட்டான் என்று வயிறு சொன்னது. இனி எந்தப் பண்டிதன் வந்து சொல்லிக் கொடுத்தாலும் அவனிடம் பழைய மாதிரி சாப்பிட்டியா என்று கேட்க முடியாது. வாய்விட்டு அழத் தோன்றியது. அழக்கூட எந்தப் பாஷை என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

போன் மறுபடி அடித்தது. அவன்தான். காஜாக்காரி அதைப் பார்த்தாள். எடுக்கக் கை வரவில்லை. ஏற்கெனவே கற்ற வார்த்தை அத்தனையும் தீர்ந்துவிட்டிருந்தது. அடித்து, நின்று, மறுபடி அடித்தது.

மருமகள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மாமியாருக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்தாள்.

"குடுங்கத்தை."

"வேணாம்டி. கண்டபடி பேசுவான்."

"பேசட்டும். குடுங்க."

வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவன் கத்த ஆரம்பித்தது பாய்வரை கேட்டது. மருமகள் அவன் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள்.

"நான்தான் பேசறேன்" என்றாள், தமிழில். "இப்ப நீங்க கேளுங்க."